உயிருள்ளவரை செல்லும்

"ஏ.சி.யைப் பதினாறுல வைங்க" என்று மெல்வின் நர்ஸிடம் சொன்னபோது, அல்போன்சா கணவர் வில்பிரட்டின் வாயோரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து அவர் படுத்ததிலிருந்து துடைத்துப் பழகிய கை. இனித் துடைக்க ஒன்றும் வராது என்பது கைக்கு இன்னும் எட்டவில்லை.

"ம்மா. போதும்."

அவள் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காலைக் கஞ்சியை நர்ஸ் ஜெனிலா குழாய் வழியாக ஊற்றி முடித்த சமயத்தில்தான் அது நடந்தது. வில்பிரட் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வருமென்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். வரவில்லை. ஜெனிலா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், பிறகு அல்போன்சாவின் முகத்தைப் பார்த்தாள். "சாமியாரைக் கூப்பிடணும்" என்பதுதான் அல்போன்சாவின் வாயில் முதலில் வந்தது. அடுத்த அறையில் போனில் பேசிக்கொண்டிருந்த மகன் அதைக் கேட்டு உள்ளே வந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினான்.

"யாரையும் கூப்பிட வேண்டாம். இப்போதைக்கு நம்ம மூணு பேருக்குத் தெரிஞ்சாப் போதும். சாயங்காலம் சொல்லிக்கிடலாம்."

"என்னலே சொல்லுதே?"

"இன்னைக்கு மத்தியானம் கம்பெனி கைமாறுதுல்லா. அப்பாவோட பங்குக்கெல்லாம் அவங்க எழுதிக்குடுத்த பவரை வச்சு நான்தானே கையெழுத்துப் போடணும். அந்தப் பவர் அப்பா உயிரோட இருக்கிற வரைக்கும்தாம்மா செல்லும்."

"நாளைக்குப் போட்டா என்ன?"

"நாளைக்கு அது வெறும் காகிதம். வாரிசுச் சான்று, கோர்ட்டுன்னு வருசக்கணக்கா இழுக்கும். வாங்குற சிங்கப்பூர்க்காரன் அதுவரைக்கும் உக்காந்திருக்க மாட்டான். பேங்க் வந்து கேட்டைப் பூட்டிரும். அத்தனை பொம்பளைங்க அங்கன வேலை பாக்குதாவ, அவங்களையும் நினைச்சுப் பாருங்க."

வேலை பார்க்கிற பெண்களை அவன் கடைசியில் சேர்த்துக்கொண்டான். அவன் அப்பாவும் அப்படித்தான் சேர்ப்பார்.

"அவஸ்தை எண்ணெய்கூடப் பூசாமலே போயிட்டாவளேலே" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "போன வாரமே சாமியாரைக் கூப்பிடுன்னு சொன்னேனே."

"சாமியார் வந்துட்டுப் போனா முதலாளிக்கு முடியப்போகுதுன்னு ஊரெல்லாம் பேசும். வாங்குறவன் காதுக்கும் போகும். அதுக்குத்தான் வேண்டாம்னேன்." மெல்வின் கட்டிலருகே வந்து போர்வைக்குள்ளிருந்த அப்பாவின் பாதத்தைப் பிடித்தான். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றான். கண் கலங்கியிருந்தது. "இந்த வியாபாரத்தைப் பேசி முடிச்சதே அப்பாதான். இங்கன எந்திரிச்சு நின்னா என்னம்மா சொல்லுவாவ? நீங்களே சொல்லுங்க."

அல்போன்சா பதில் சொல்லவில்லை. அவர் என்ன சொல்வாரென்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அவள் பேசாமலிருந்ததைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு, மெல்வின் குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். டாக்டரிடம் தானே பேசிக்கொள்வதாகவும், தான் போன் செய்த பிறகு அவர் வருவாரென்றும் ஜெனிலாவிடம் சொன்னான். நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். கார் கிளம்பும் சத்தமும் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும் சத்தமும் கேட்டன.

ஜெனிலா மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறை குளிர்ந்துகொண்டே வந்தது.

வில்பிரட் முதலாளியின் கதை தூத்துக்குடியில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதை விழா மலராகவே போட்டார்கள். அப்பா கொழும்புத் தோணியில் வேலை பார்த்தவர். ஒரு வாடைக்காற்றில் தோணியோடு போனவர் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட வில்பிரட், தருவைகுளம் கரையில் இறால் வாங்கி, ஐஸ் போட்ட கூடையைச் சைக்கிளில் கட்டி, வெயில் ஏறுவதற்குள் டவுனுக்கு மிதித்து வருவார். பிறகு ஒரு வேன். பிறகு புதுத் துறைமுகம் போகிற சாலையில் தகரக் கொட்டகை. அல்போன்சா அவருக்கு வாக்கப்பட்டு வந்தபோது அந்தக் கொட்டகைதான் இருந்தது. கல்யாணத்தன்று மோதிரம் போட்ட விரலில்கூட இறால் வாடை. கொட்டகை ஃபேக்டரி ஆயிற்று. ஜப்பானுக்கு முதல் கண்டெய்னர் போன நாளில் அவர் வீட்டுக்கு வரவேயில்லை, துறைமுகத்துச் சுவரோரம் நின்று கப்பல் மறையும்வரை பார்த்துவிட்டு அங்கேயே லாரிக்குள் தூங்கிப்போனார். அதன்பிறகு குளிர்கிடங்குகள், கப்பல் ஏஜென்சி, கண்டெய்னர் யார்டு. பிறந்த ஊரான ஆலந்தலையில் கோயிலுக்குக் கோபுரம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம். வர்த்தகச் சங்கத்தில் பொன்னாடை, மந்திரிகளோடு படம்.

மலரில் போடாத ஒன்றை அவர் கல்யாண வீடுகளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்வார். "இறால் செத்துத்தான் கரைக்கு வருது. எப்பச் செத்துதுன்னு வாங்குறவனுக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான் ஐஸு. இதுதாம்யா நம்ம தொழிலு."

அல்போன்சா போர்வையை அவருடைய கழுத்துவரை இழுத்துவிட்டாள். யாருக்குக் குளிருமென்று இழுத்தாளோ.

மாப்பிள்ளையூரணியிலிருந்து முன்பு ஃபேக்டரி வேலைக்கு வந்துகொண்டிருந்த சுடலைச்செல்வியை அவள் ஒரேயொரு தடவைதான் பார்த்திருக்கிறாள், ஃபேக்டரி கிறிஸ்துமஸ் விழாவில், கேக் வாங்கிய கையோடு. சின்ன வயது. ஒரு ராத்திரி அவளைக் குளிரறைக்குள் வைத்துக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற பிடி உடைந்து வெகுநாளாயிற்று. காலை ஷிப்டுக்கு வந்தவர்கள்தான் திறந்து பார்த்தார்கள். செய்தி வீட்டுக்கு வந்தபோது அல்போன்சா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். வில்பிரட் போனில் குரலை உயர்த்தவேயில்லை.

"போலீசுக்குச் சொல்லுததுக்கு முன்னால ஆம்புலன்சை வரச்சொல்லு. மூஞ்சியில மாஸ்க்கு வச்சுக் கொண்டுபோகட்டும். போற வழியில உயிர் போச்சு. டாக்டர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். ஃபேக்டரிக்குள்ள யாரும் சாகல, கேட்டியா?"

போனை வைத்துவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார். ஃபேக்டரியை ஒருநாள்கூட மூடவில்லை. சுடலைச்செல்வியின் புருசனுக்கு யார்டில் வேலை கிடைத்தது. பிள்ளைகளை வில்பிரட்டே படிக்க வைத்தார், அதில் குறை வைக்கவில்லை. பிற்பாடு ஒருநாள் அல்போன்சா அவரிடம் கேட்டாள், "அந்தப் பிள்ளை எப்பத்தான் செத்துது?" அவர் அவளை நேராகப் பார்த்து, "போற வழியில" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் அதை நம்பிவிட்டிருந்தார். கோயிலில் பெண்கள் விசாரித்தபோது அல்போன்சாவும் அப்படியே சொன்னாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சமையல்காரம்மா வெளியிலிருந்து, "ஆலந்தலையில இருந்து செலினக்கா வந்திருக்காவம்மா" என்றாள்.

செலின் வில்பிரட்டின் கூடப்பிறந்த தங்கை. அல்போன்சா வெளியே வந்து கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். செலின் ஹாலில் சோபாவில் உட்காராமல், வெயிலில் வந்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணன் எப்படி இருக்காவ மதினி?"

"தூங்குதாவ."

"காலையில இருந்து மனசே சரியில்ல. அதான் பஸ் ஏறிட்டேன். ஒரு எட்டு மூஞ்சியப் பாத்துட்டு வந்து உக்காந்துக்கிடுதேன்."

"வேண்டாம் செலின். டாக்டரு யாரையும் விடக் கூடாதுன்னுட்டாரு. கிருமி தொத்திக்கிடுமாம்."

"நான் என்ன கிருமியா?" என்று செலின் சிரித்தாள். அல்போன்சா சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள். "சரி. முழிச்ச பொறவு பாக்கேன். வாற வழியில கோயில்ல இறங்கிச் சாமியார்கிட்டச் சொல்லிட்டு வந்தேன் மதினி. உங்ககிட்டக் கேக்காமச் செஞ்சுட்டேன், தப்பா நினைக்காதிய. இம்புட்டு நாள் படுத்துக் கிடக்காவ, ஒரு அவஸ்தை பூச வேண்டாமா? நாளைக்கு அண்ணன் அங்கன போய் எதைக் காட்டுவாவ? மத்தியானச் சாப்பாடு முடிச்சுட்டு வாரேன்னிருக்காரு."

அல்போன்சா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெல்வினுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. செலின் தரையில் சம்மணமிட்டுச் செபமாலையை எடுத்தாள். அண்ணனுக்கு நன்மரணம் கிடைக்கவேண்டுமென்று சூசையப்பருக்கு ஒப்புக்கொடுத்துத் தொடங்கினாள். ஒருத்தி முதல் பாதி சொன்னால் மற்றவள் மறு பாதி சொல்லவேண்டும். அல்போன்சா சொன்னாள். மரண நேரம் என்ற சொல் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் அவளுடைய பாதியில்தான் வந்தது.

பங்குச் சாமியார் பிளேவியன் ஸ்கூட்டரில் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். வாட்ச்மேன் சாமியாரை எப்படித் தடுப்பான்? செலின் எழுந்து முக்காடு போட்டுக்கொண்டு, "வாங்க சாமி" என்று அறையை நோக்கி நடந்தாள். அல்போன்சா முந்திக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"செலின், நீ இங்கன இரு. சாமி மட்டும் வரட்டும்."

உள்ளே போனதும் ஜெனிலாவை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டாள். சாமியார் குளிருக்குத் தோளைக் குறுக்கினார். பையிலிருந்து எண்ணெய்ச் சிமிழை எடுத்தபடி கட்டிலை நோக்கித் திரும்பினார். அல்போன்சா நடுவில் வந்து நின்றாள்.

"சாமி, முதல்ல நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"இப்பவா? முதல்ல ஐயாவுக்கு..."

"இல்ல சாமி. முதல்ல எனக்கு."

அவர் அவளைப் புரியாமல் பார்த்துவிட்டு, ஊதாத் துண்டை எடுத்து உதட்டில் ஒற்றி முத்திசெய்து கழுத்தில் போட்டு, ஜெனிலாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அல்போன்சா முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டாள். சிலுவை அடையாளம் போட்டாள்.

"என் வீட்டுக்காரர் காலையிலேயே இறந்துட்டாவ சாமி. அதை நான் மறைச்சு வச்சிருக்கேன். சாயங்காலம்தான் சொல்லப்போறோம். கேட்டவங்ககிட்டத் தூங்குதாவன்னு பொய் சொன்னேன்."

அவர் தலை சட்டென்று கட்டில் பக்கம் திரும்பியது. போர்வை அசையாமல் கிடந்தது.

"எதுக்கும்மா?" என்றார் மெதுவாக.

அவள் சொன்னாள். பவரைப் பற்றி, கையெழுத்தைப் பற்றி, பேங்கைப் பற்றி மெல்வின் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது வேறொருவருடைய வியாபாரத்தை ஒப்பித்த மாதிரி இருந்தது.

சாமியார் முகத்தைக் கையால் தடவிக்கொண்டார். "செஞ்சதுக்கு வருத்தப்பட்டு, இனிச் செய்ய மாட்டேன்னு சொன்னாத்தான் பாவசங்கீர்த்தனம். நீங்க வருத்தப்படுதீங்களா?"

"படுதேன்."

"அப்ப வெளியே போய் அந்தம்மாகிட்ட இப்பவே சொல்லுங்க. அவங்க அண்ணன் செத்துட்டாருன்னு."

அவள் மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை.

"சொல்ல மாட்டீங்க" என்றார் அவர். "நீங்க மன்னிப்புக் கேட்டு வரல. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத நான் வெளியே சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சு என் வாயக் கட்ட வந்திருக்கீங்க."

அல்போன்சா தலையைக் குனிந்துகொண்டாள். மண்டியிட்டபோது அது அவளுக்கே முழுதாகத் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. இப்போது தெரிந்தது. வில்பிரட் இருந்திருந்தால் இந்த யோசனையை மெச்சியிருப்பார்.

"சாமி, அவியளுக்கு எண்ணெய் பூசுங்க" என்றாள்.

"செத்தவங்களுக்குப் பூச முடியாதும்மா. உங்களுக்குத் தெரியும்."

"உயிர் போச்சா இல்லையான்னு சந்தேகம் இருந்தாப் பூசலாம்ல? சந்தேகம்னு வச்சுக்கிடுங்க."

"உங்களுக்குச் சந்தேகமா இருக்கா?"

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். தாடை லேசாகத் தொங்கியிருந்தது. மூக்கு கூர்மையாகியிருந்தது. காலையில் துடைத்த வாயோரம் மெழுகு நிறத்தில் இருந்தது. இல்லை என்று சொல்லவும் ஆம் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. இந்த ஒன்றையாவது அவருக்கு வாங்கிக்கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. ஐம்பது வருசத்தில் அவர் எதைக் கேட்டும் யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

பிளேவியன் எழுந்தார். சிமிழைத் திறக்காமலே பைக்குள் வைத்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, இறந்தோருக்கான செபத்தை அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார். அவளுக்குப் பாவமன்னிப்புச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஹாலில் செலின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பூசியாச்சா சாமி?"

சாமியார் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு செலினின் தலைமேல் கையை வைத்தார். "செபம் பண்ணிக்கிட்டிருங்கம்மா" என்றார். செலினுக்கு அது போதுமாயிருந்தது. கண்ணீரோடு அவருடைய கையைப் பிடித்து முத்திசெய்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கி, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பாமல் கேட்டுவரை தள்ளிக்கொண்டே போனார்.

"எனக்கு இப்பத்தான் உசுரு வந்தது மதினி" என்றாள் செலின். "இனி எப்பப் போனாலும் அண்ணன் நல்லபடியாப் போவாவ."

பொழுது சாய்ந்தபோது போன் வந்தது. பின்னால் பலர் சிரித்துப் பேசும் சத்தம். மெல்வின் ஓரமாக நடந்து வந்து பேசுவது தெரிந்தது. "முடிஞ்சுதும்மா" என்றான். மூச்சு வாங்கியது. "இனிச் சொல்லலாம்."

டாக்டர் வந்து அறைக்குள் போய் உடனே வெளியே வந்து, அல்போன்சாவின் கண்ணைப் பார்க்காமல் தலையசைத்தார். ஜெனிலா சத்தமாக அழுதாள். நாள் முழுக்க அடக்கியது போலிருந்தது, நடிப்பில்லை. செலின் ஓடிப்போய் அண்ணன் நெஞ்சில் விழுந்தாள். "எய்யா, என்னப் பெத்த அண்ணே, என்ன விட்டுட்டுப் போயிட்டியளே" என்று அவள் வைத்த ஓலம் தெருவரை கேட்டது.

சட்டென்று ஓலம் நின்றது.

அல்போன்சா கட்டிலின் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். செலின் அண்ணனின் கையைத் தூக்கப் பார்த்தாள். கை தனியாக வரவில்லை, தோளும் சேர்ந்து அசைந்தது. விரல்களை விரித்துப் பார்த்தாள், விரியவில்லை. தாடையைத் தொட்டாள். கடலில் போன புருசனைக் கரையில் கிடத்திக் குளிப்பாட்டியவள், பிணம் அவளுக்குப் புதிதில்லை. மெதுவாகக் குனிந்து அண்ணனின் நெற்றியில் முகத்தை வைத்தாள். பிறகு உள்ளங்கையில். மோந்து பார்த்ததுபோல் இருந்தது.

"எண்ணெய் வாசமே இல்லையே மதினி" என்றாள், அல்போன்சாவுக்கு மட்டும் கேட்கும்படி.

செலின் அவளைப் பார்த்த பார்வை நெடுநேரம் விலகவில்லை. திட்டுவாளென்று அல்போன்சா காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

பெரிய கோயிலில் துக்கமணி அடிக்கத் தொடங்கியது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்கள். முன்னால் வந்தவள் அல்போன்சாவின் தோளைப் பிடித்து, "எப்பம்மா ஆச்சு? காலையில விசாரிச்சப்பக்கூட நல்லாத் தூங்குதாவன்னாங்களே?" என்று கேட்டாள்.

அல்போன்சா செலினைப் பார்த்தாள்.

"இப்பத்தான்" என்றாள் செலின். போர்வையை இழுத்து அண்ணனின் கைகளை மூடினாள். "விளக்கு வைக்கிற நேரத்துலதான் போச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் ஓலமிட்டாள். இந்தத் தடவை அண்ணனின் நெஞ்சில் விழவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து அழுதாள்.

உடலைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் கிடத்திய பிறகுதான் மெல்வின் வந்தான். அதற்குள் முற்றம் நிறைந்திருந்தது. ஷிப்டு முடிந்த ஃபேக்டரிப் பெண்கள் தலையில் மாட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் வரிசையாக நின்றார்கள். துறைமுகத்து ஆபீசர்கள், லாரிக்காரர்கள், கட்சிக்காரர்கள். கூட்டம் விலகி அவனுக்கு வழிவிட்டது. நீலக் கோட்டோடு, தலை குனிந்து, ஒரு கையில் பெரிய பூங்கொத்தோடு வந்தான். சிவப்பு ரோஜாக்கள், மினுக்கும் தாளில் சுற்றித் தங்க ரிப்பன் கட்டியது. கையெழுத்து முடிந்ததும் ஓட்டலில் கம்பெனியை வாங்கியவர்கள் கொடுத்தது. காரிலிருந்து இறங்கியபோது கையில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. பெட்டியருகே வந்து நின்ற பிறகுதான் குனிந்து பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான்.

ஃபேக்டரிப் பெண்களில் ஒருத்தி முன்னால் வந்து, "குடுங்கய்யா" என்று பணிவாக வாங்கி, பெட்டியின் மேல், முதலாளியின் கால் பக்கம் வைத்தாள். நாலைந்து பேர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெல்வின் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

உபதேசியார் செபத்தைத் தொடங்கினார். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அந்தக் காற்றுக்கு ரோஜாக்களைச் சுற்றியிருந்த தாள் விடாமல் சரசரத்தது. செபத்துக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அல்போன்சா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு முழங்காலில் நகர்ந்துபோய், ரிப்பனை அவிழ்த்து, தாளை உரித்து, சத்தம் வராதபடி சின்னதாக, இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள்.